ஒரு கிளிக், ஒரு விநாடி

கம்மவான்பேட்டை

வேலூருக்குத் தெற்கே, கணியம்பாடிப் பக்கம் இருக்கிறது கம்மவான்பேட்டை. ராணுவப்பேட்டை என்று கேட்டால்தான் சட்டென்று வழி சொல்கிறார்கள். வீட்டுக்கு வீடு யாராவது ஒருவர் படையில் இருக்கிறார், இல்லை இருந்துவிட்டு வந்திருக்கிறார். திண்ணையில் பேப்பர் படிக்கும் பெரியவர்கள்கூட முதுகு வளையாமல் உட்கார்ந்திருப்பதாக எனக்குப் பட்டது. ஊர்ப்பெயர் தந்த மயக்கமாகவும் இருக்கலாம்.

என் நண்பனின் தாய்மாமன் இந்த ஊர்க்காரர், ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். நானும் மாமா என்றே கூப்பிடுவேன். பணியில் பல வருஷம் அவர் கையில் இருந்தது டிராகுனோவ், ரஷ்யாவில் வடிவமைத்த ஸ்னைப்பர் துப்பாக்கி. காவலூர் வானோக்கு நிலையத்துக்குப் போகிறேன், வருகிறீர்களா என்று போனில் கேட்டதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அவ்ளோ பெரிய தூர்பீன எப்டி ஜீரோ பண்றாங்க?" ஜீரோ பண்ணுவது என்றால், ஸ்கோப் காட்டும் இடமும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி சரிசெய்வது. எனக்குத் தெரியவில்லை என்றேன். "அப்ப நானும் வரேன். மொதல்ல நீ இங்க வா நைனா. சின்னத ஜீரோ பண்றதப் பாத்துட்டு அப்புறம் பெருசப் பாக்கலாம்."

சின்னது என்றது வீட்டிலிருந்த ஏர் ரைஃபிளை. .177 குழல், லைசென்ஸ் கேட்காத ரகம். கொல்லையில் மாமரக் கிளையிலிருந்து கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு ஒன்று தொங்கியது. துப்பாக்கியை மணல் மூட்டைமேல் படுக்கவைத்து, ரசமட்டம் வைத்துச் சாய்வில்லாமல் நிறுத்தினார். குழலுக்கு மேலே ஓடும் காடிகளில் வளையங்களின் கீழ்ப்பாதியைப் பூட்டி, ஸ்கோப்பை அதில் கிடத்தி, மேல்பாதியை லேசாக மட்டும் முறுக்கினார். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டார். பெரிய துப்பாக்கியில் இந்த இடைவெளி குறைந்தால், சுட்டதும் ஸ்கோப் பின்னால் வந்து புருவத்தைக் கிழித்துவிடும். அப்படித் தையல் போட்டுக்கொண்ட பையன்களைப் பார்த்திருக்கிறாராம்.

அடுத்து, ஸ்கோப்புக்குள் தெரியும் நெடுக்குக் கம்பி தூக்குக்குண்டின் நூலோடு ஒன்றி மறையும்வரை குழாயை வளையத்துக்குள்ளேயே உருட்டினார். கம்பி சாய்ந்திருப்பது கிட்டத்தில் சுடும்போது தெரியாது. தொலைவு கூடக்கூட, குண்டை மேலே ஏற்றத் திருப்பும் ஒவ்வொரு திருப்பும் அதைப் பக்கவாட்டிலும் கொஞ்சம் தள்ளிவிடும். கடைசியாகத் திருகுகள். இங்கே கால் சுற்று, எதிர்ப்பக்கம் கால் சுற்று, மறுபடி இங்கே. "ஒரே பக்கமா இறுக்கினா ஸ்கோப் திரும்பிக்கும். பொறுமை வேணும்."

25 மீட்டர் தள்ளி ஒட்டியிருந்த காகிதத்தில் மூன்று குண்டு போட்டார். மூன்றும் நடுவுக்குக் கீழே, இடது பக்கம், கொத்தாக விழுந்தன. ஒரு குண்டைப் பார்த்துத் திருப்பக் கூடாது, கொத்தின் நடுவைத்தான் பார்க்கணும் என்றபடி மேல்குமிழையும் பக்கக் குமிழையும் திருப்பினார். கிளிக், கிளிக் என்று எண்ணக்கூடிய சத்தம். ஒரு டிகிரியில் 60 நிமிடம். அந்த ஸ்கோப்பில் ஒரு கிளிக்குக்குக் கால் நிமிடம். 100 மீட்டரில் அது 7 மில்லிமீட்டர். அவர் கொல்லையில் 2 மில்லிமீட்டருக்கும் குறைவு.

"மொதல் குண்டு போடறதுக்கு முன்னாடியே பாதி வேல முடிஞ்சிரும்" என்று பெரிய துப்பாக்கியின் கதையைச் சொன்னார். போல்ட்டைக் கழற்றிவிட்டுக் குழலின் பின்பக்கத்திலிருந்து உள்ளே பார்க்க வேண்டும். தொலைவில் இருக்கும் குறி, குழலின் வட்டத்துக்கு நடுவே தெரிய வேண்டும். துப்பாக்கி இம்மியும் அசையாமல், இப்போது ஸ்கோப்பின் குமிழ்களைத் திருப்பி அதே குறியைக் கம்பிகளின் சந்திப்புக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டு பார்வைக் கோடுகளும் ஒரே இடத்தில் போய் முட்டினால் அடுத்த வேலை குண்டுக்கு.

வேலூர் கோட்டை

அகழியில் தண்ணீர் பச்சையாக நின்றது. ஜலகண்டேஸ்வரர் கோயிலில் மாமா கும்பிட்டு வரும்வரை நான் மதில் ஓரமாக நடந்தேன். 1806 ஜூலை 10 விடியற்காலையில் இங்கே சிப்பாய்கள் கிளம்பியதற்குப் பாளையக்காரர், திப்புவின் பிள்ளைகள், சம்பளம் என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். உடனடிக் காரணம் உடைதான்: திருநீறும் நாமமும் கூடாது, தாடி கூடாது, தொப்பி மாதிரியான புதுத் தலைப்பாகையில் தோலாலான குஞ்சம். தோல் பட்டணங்களைப் பார்க்கக் கிளம்பியவனுக்கு இந்தத் தோல் துண்டு முதலில் எதிர்ப்பட்டதில் ஒரு பொருத்தம் இருந்தது.

மாமாவின் அக்கறை வேறு. அந்தக் காலத்து மஸ்கட்டில் பின்பக்கக் குறிகாட்டியே கிடையாது என்றார். குழல் உள்ளே வழவழ, மரைவெட்டு இல்லை. முன்னால் பயனெட் மாட்டும் சின்னக் கட்டைதான் குறி. "அதுல ஸ்கோப் வெச்சாலும் பிரயோஜனம் இல்ல. குண்டே நேரா போகாது." பிறகு அகழிக்கரையில் இஞ்சி டீ குடித்தோம். கோட்டையைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

ஆம்பூர்

பெங்களூரு நெடுஞ்சாலையில் பாலாறு ஒரு பக்கம் கூடவே வருகிறது. ஆறு என்று சொல்ல மணல் இருக்கிறது; சில இடங்களில் மணலும் இல்லை. எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம். வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று நாங்கள் சண்டை போடுவோம். இங்கே ஆற்றிலேயே தண்ணீர் இல்லை, இருக்கும் நிலத்தடி நீரும் கெட்டுப்போனது என்று வழக்குப் போட்டார்கள். அந்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், மாசு செய்தவனே அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்ற தீர்ப்பு. சட்டக் கல்லூரிப் பையன்களுக்கு இந்த ஆறு பாடமாகத் தெரியும்.

ஆம்பூரில் காலை ஷிஃப்டுக்கான பஸ்கள் வரிசையாக வந்தன. ஷூ கம்பெனிகளில் ஏறி இறங்குவது பெரும்பாலும் பெண்கள், பத்துப் பதினைந்து மைல் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து. ஊருக்குள் நுழையும்போதே தோல் வாசனை வந்துவிடும் என்று பயமுறுத்தியிருந்தார்கள். பைபாஸில் ஒன்றும் தெரியவில்லை. ஒரு சந்தில் திரும்பியதும் மூக்கில் ஏறியது. திறந்திருந்த கேட்டுக்குள் பெரிய மர டிரம் ஒன்று மெதுவாகச் சுழன்றது. வாசலில் குரோம் ஏறிய ஈரத்தோல், வானத்தை வெளுத்த மாதிரி நீலமாக அடுக்கியிருந்தது.

மதியம் பிரியாணி. சீரகச் சம்பா, மிளகாய்த்தூள் போடாமல், காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது, அரிசியைத் தனியே பாதி வேகவைத்து, கறியோடு சேர்த்து, மூடிமேல் கனல் போட்டு தம். கூடவே புளி போட்ட கத்தரிக்காய், தயிர் வெங்காயம். எங்கள் ஊர் பிரியாணியில் மசாலா முன்னால் வந்து நிற்கும். இதில் அரிசி நிற்கிறது. என் கணக்கில் அந்தக் கத்தரிக்காய்க்குக் கறியை விடக் கொஞ்சம் மேலான இடம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

சாப்பிட்டதும் துண்டுத் தோல் விற்கும் கடைக்குப் போனோம். மாமாவுக்கு ஒரு தோள்வார் வேண்டும். பேச்சில் ஸ்கோப் வளையம் வந்தது. கடைக்காரர் உற்சாகமாக ஒரு மெல்லிய ஆட்டுத்தோல் பட்டையை எடுத்துப் போட்டார்: "வளையத்துக்குள்ள இத வெச்சி இறுக்குங்க பாய், கீறல் விழாது, வழுக்காது." மாமா பட்டையை இரண்டு விரலில் அமுக்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல தோலு. ஆனா அமுங்குது. இன்னிக்கு இறுக்கினது நாளைக்கு லூசாயிரும். ஈரம் பட்டா ஊதும். ஜீரோ நிக்காது." தோலுக்கே பெயர்பெற்ற ஊரில் தோல் உதவாத ஒரு வேலையைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில். கடைக்காரரும் சிரித்துவிட்டு, தோள்வாருக்கு விலையைக் குறைக்காமல் பார்த்துக்கொண்டார்.

வாணியம்பாடி – ஆலங்காயம்

வாணியம்பாடியில் டீக்கடைப் பேச்சு உருதுவும் தமிழும் ஒரே வாக்கியத்துக்குள் மாறி மாறி வரும். ஒரு டம்ளர் டீயோடு கிளம்பிவிட்டோம். தெற்கே திரும்பியதும் சாலை குறுகியது. வலப்பக்கம் ஏலகிரி, முன்னால் ஜவ்வாது மலை.

நான் வளர்ந்த தட்டை நிலத்தில் தொலைவு என்றால் கோபுரம்தான். அதனால்தான் இந்தியாவை முக்கோணங்களால் அளந்த லாம்டன், 1808இல் அரை டன் எடைத் தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றப் பார்த்தார். கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதிப் பித்தளை வட்டம் வளைந்துபோனது. ஆறு வாரம் போல கூடாரத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்து, அதை இழுத்தும் முறுக்கியும் பழைய வட்டத்துக்குக் கொண்டுவந்தார். இந்த மலைகளைப் பார்க்கும்போது, தஞ்சையிலும் இப்படி மலை இருந்திருந்தால் அந்தக் கயிறே தேவைப்பட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். மாமாவுக்குக் கதை பிடித்துப்போனது. "ஆறு வாரமா? கண்ணாடி உடையலயே, அதுவே பெருசு."

ஆலங்காயத்தில் பள்ளி ஆசிரியர் ஒருவர் சேர்ந்துகொண்டார். மலைக் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வானம் காட்டுவதற்காகச் சொந்தக் காசில் ஆறு அங்குலத் தொலைநோக்கி வாங்கியிருப்பவர். அது அட்டைப்பெட்டியில் பின்சீட்டில் ஏறியது. கூடவே சாமைச் சோறு ஒரு தூக்கில்.

காவலூர்: மாடத்துக்குள்

பொதுமக்களை விடும் மாலை அது. காட்டுக்கு நடுவே வெள்ளை மாடங்கள், கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 725 மீட்டர். 1792இல் நுங்கம்பாக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி நிறுவிய சென்னை வானோக்கு நிலையத்தின் பேரப்பிள்ளை என்று இதைச் சொல்லலாம். அங்கே கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ், தெலுங்கு எழுத்துகளும் பொறித்தது, இன்னும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. கருவிகள் போன பிறகும் தூண் நிற்பதில் எனக்கு ஒரு நியாயம் தெரிகிறது. கொடைக்கானல் வழியாக வந்த அந்த மரபை இங்கே கொண்டுவந்தவர் வானியலாளர் வைனு பாப்பு. கொடைக்கானலில் சொந்தமாகச் செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி 1968இல் முதலில் இங்கே வந்தது. 1972இல் கிழக்கு ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்து ஒரு மீட்டர் தொலைநோக்கி. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது இங்கிருந்து பார்த்தவர்களின் கருவியிலும் கோளுக்கு வெளியே ஒளி மங்கியது பதிவானது. யுரேனஸின் வளையங்கள் தெரியவந்தது அந்த இரவில்தான்.

பெரிய மாடத்தில் இருப்பது 2.34 மீட்டர் கண்ணாடி. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி திறந்துவைத்தபோது நிலையத்துக்கும் தொலைநோக்கிக்கும் பாப்பு பெயரே வந்தது. அவர் 1982இலேயே இறந்துவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் கண்ணாடியின் அளவைக் கேட்டார்கள், தேவஸ்தலில் 2016இல் 3.6 மீட்டர் வரும்வரை இந்தியாவில் பெரியது இதுதான் என்ற பதிலைக் குறித்துக்கொண்டார்கள். மாமா அண்ணாந்து பார்க்கவே இல்லை. குனிந்து அடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்க்க வேண்டியதும் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். வடக்கு முனையில் ஆளுயரத்தை விடப் பல மடங்கு பெரிய இரும்பு லாடம். தெற்கே ஒரு தாங்கி. இரண்டையும் இணைக்கும் கோடு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அப்படி நின்றுவிட்டால், பூமி கிழக்கே சுழலச் சுழல, தொலைநோக்கி அந்த ஒரே அச்சில் மேற்கே சுழன்றால் போதும். விண்மீன் பார்வையிலேயே நிற்கும். 23 மணி 56 நிமிடத்தில் ஒரு சுற்று. லாடத்தின் வாய் திறந்திருப்பது, குழாய் துருவத்தை நோக்கியும் அதன் வழியாகப் படுத்துப் பார்க்கட்டும் என்பதற்காக.

எவ்வளவு சாய்வு என்று மாமா கேட்டார். பன்னிரண்டரை டிகிரி, இந்த இடத்தின் அட்சரேகை. ஸைஸ் தொலைநோக்கி செய்யப்பட்ட யேனாவில் அதே அச்சு 51 டிகிரி நிமிர்ந்திருக்கும். இங்கே கிட்டத்தட்டப் படுத்துவிடுகிறது. இந்தக் குறைந்த அட்சரேகைக்காகவே பாப்பு இங்கே வந்தார்: வடக்கும் தெரியும், தெற்கு வானத்தின் பெரும்பகுதியும் தெரியும். தூண்கள் கட்டடத்தோடு ஒட்டாமல் தனி அஸ்திவாரத்தில் இறங்குகின்றன. நாங்கள் நடக்கும் அதிர்வோ மாடம் திரும்பும் அதிர்வோ கருவிக்குப் போகாது. "இது பெட்டிங்" என்றார் மாமா, துப்பாக்கியைக் கட்டையில் ஆடாமல் பதிக்கும் வேலையை நினைத்து, யாரிடமும் சொல்லாமல்.

ஜீரோ பண்ணுவது எப்படி என்ற கேள்விக்கு விடையும் கிடைத்தது. இவ்வளவு கனமான குழாய் சாயும் கோணத்துக்கு ஏற்ப நூலிழை வளையும், அச்சும் இம்மி விலகியிருக்கும். எல்லாவற்றையும் திருகிச் சரிசெய்ய முடியாது. வானத்தில் அங்கங்கே இருக்கும் தெரிந்த விண்மீன்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எங்கே எவ்வளவு தப்புகிறது என்று குறித்து, அந்தப் பிழையைக் கணினி கழித்துக்கொண்டு குறிவைக்கும். "கொத்து பாக்கறாங்க" என்றார் மாமா. சரியாகத்தான் சொன்னார்.

காவலூர்: வேலிக்கு வெளியே

ஆசிரியரின் தொலைநோக்கியை ஒரு வீட்டுக் களத்தில் நிறுத்தினோம். சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. பெரிய குழாயின் முதுகில் விரல் நீளத்துக்கு ஒரு குட்டித் தொலைநோக்கி, குறுக்குக் கம்பியோடு. மூன்று திருகுகள் அதைச் சுற்றிப் பிடித்திருந்தன. பெரிய குழாய் வானத்தில் காட்டும் இடம் நிலாவின் அளவுதான் இருக்கும். குட்டி இல்லாமல் எதையும் தேடிப் பிடிக்க முடியாது.

இதைப் பார்த்ததும் மாமா சட்டைக் கையை மடித்தார். இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி, சரிவில் செல்போன் கோபுரம். பெரிய குழாயில் குறைந்த பெருக்கத்தில் அதன் உச்சியை நடுவுக்குக் கொண்டுவந்து, குழாயைப் பூட்டச் சொன்னார். பிறகு குட்டியின் ஒரு திருகைக் கால் சுற்றுத் தளர்த்தி, எதிர்ப்பக்கத்து இரண்டையும் அதற்கேற்ப இறுக்கி, கோபுர உச்சியைக் கம்பிச் சந்திப்புக்கு நகர்த்தினார். பெருக்கத்தைக் கூட்டி, மறுபடி. துப்பாக்கியில் குழலுக்குள் பார்த்துச் செய்வது அப்படியே இங்கேயும். ஒரு திருகு மட்டும் மரை தேய்ந்து பிடிப்பில்லாமல் சுற்றியது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து முணுமுணுத்தார்.

அடுத்து சண்டை வந்தது. முக்காலியின் தெற்குக் காலுக்கு அடியில் ஆசிரியர் ஒரு மரக்கட்டை வைத்திருந்தார். இந்தத் தாங்கிகள் குளிர்நாட்டு அட்சரேகைக்காகச் செய்யப்படுபவை. அச்சு பன்னிரண்டரை டிகிரிக்கு இறங்காது. முக்காலியையே வடக்கே சாய்க்க வேண்டியிருக்கிறது. மாமாவுக்கு முக்காலி சாய்ந்து நிற்பது பொறுக்கவில்லை. ரசமட்டத்தை எடுத்து வைத்துவிட்டார்.

"காலு சமமா இருக்கணும்னு இல்ல மாமா. அச்சு துருவத்தப் பாத்தா போதும்."

"அப்ப ரசமட்டம் எதுக்கு?"

"இதுக்குத் தேவையில்ல."

மாமா யோசித்தார். பிறகு மரக்கட்டையைச் சுட்டினார். "இது பனியில ஊதும்." வானம் பார்க்கக் கூடியிருந்த பிள்ளைகளில் ஒருவன் ஓடிப்போய் ஒரு கருங்கல் பலகையைத் தூக்கி வந்தான். அதில் இரண்டு பேருக்கும் சமாதானம்.

இருட்டியது. என் ஊரில் ஒரு இரவில் எண்ணும் விண்மீன்கள் இங்கே ஒரு மூலையில் இருந்தன. தெற்கே அகத்தியர் விண்மீன் உயரமாக நின்றது. வடக்கே துருவ விண்மீன், மரங்களுக்கு மேலே கொஞ்சம்தான், மங்கலாக. அதுவும் உண்மைத் துருவத்திலிருந்து ஒரு டிகிரிக்கும் குறைவாக விலகியது. அதைப் பார்த்து வைப்பது முதல் குண்டு மாதிரிதான். உச்சிக்கு வந்திருந்த ஓரியனின் இடைக்கச்சையில் மேற்கோரத்து விண்மீனை ஆசிரியர் நடுவில் வைத்தார். அது வானத்தின் நடுக்கோட்டை ஒட்டியே இருப்பது. மோட்டாரை ஓடவிட்டு, கம்பியிலிருந்து அது தெற்கே நழுவினால் அச்சு கிழக்கே விலகியிருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. பொறுமையாகப் பார்த்து, தாங்கியை ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி பார்த்து.

மாமா மோட்டாரை நிறுத்திப் பார்க்கச் சொன்னார். நிறுத்தியதும் விண்மீன் கம்பியை விட்டுக் கிளம்பி, கண்ணெதிரே நகர்ந்து ஓடியது. பூமி ஒரு மணியில் 15 டிகிரி சுழல்கிறது, ஒரு நிமிடத்தில் கால் டிகிரி, ஒரு விநாடியில்… ஆசிரியர் கணக்கை முடிப்பதற்குள் மாமா முடித்துவிட்டார். கோணக்கணக்கில் கால் நிமிடம்.

"ஒரு கிளிக்" என்றார். "ஒவ்வொரு விநாடியும் ஒரு கிளிக் தள்ளிட்டே போவுது."

அதன் பிறகு கண்ணை எடுக்கவில்லை. விண்மீன் நழுவ நழுவ, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். வரிசையில் நின்ற பிள்ளைகள் கத்த ஆரம்பித்ததும்தான் எழுந்தார்.

வடக்கு அடிவானத்தில் மஞ்சள் மூட்டம் பரவியிருந்தது. வாணியம்பாடி, அதற்கு அப்பால் ஆம்பூர், நெடுஞ்சாலை, இரவு ஷிஃப்ட் விளக்குகள். பாப்பு தேடி வந்த இருட்டை அந்த வெளிச்சம் ஓரத்திலிருந்து தின்கிறது. அதைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்களில் பலருடைய சம்பளம் அந்த விளக்குகளுக்கு அடியில்தான் இருக்கிறது. விளக்கின் முகத்தைக் கீழே பார்க்கத் திருப்பினால் பாதித் தொல்லை தீரும் என்றார் ஆசிரியர். அதற்கும் ஒரு திருகுதான் வேண்டும்.

வாணியம்பாடி, திரும்பும் வழி

மறுநாள் காலை அந்த மரை தேய்ந்த திருகோடு ஒரு லேத் பட்டறையில் நின்றோம். தோல் டிரம்முக்குப் புஷ் கடையும் பட்டறை. சுவரெல்லாம் கிரீஸ். மாமா குட்டித் தொலைநோக்கியின் தாங்கியைக் கழற்றி மேசையில் வைத்தார். மூன்று திருகுக்குப் பதில் ஆறு, முன்னால் மூன்று, பின்னால் மூன்று, அலுமினியத்தில் கடைய வேண்டும். நுனி பித்தளை, குழாயில் கீறல் விழாமல்.

பட்டறைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றித் தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை. எவ்வளவு லூஸ் விடலாம் என்று மட்டும் கேட்டார்.

"லூஸே கூடாது" என்றார் மாமா.

"டிரம்முக்குக் கடையறவன்கிட்ட வந்து இப்டிக் கேக்கறீங்களே" என்று அவர் சிரித்தார். பத்து நாள் ஆகும் என்றார்.

"வெள்ளிக்கிழம அமாவாசைங்க, அன்னிக்குப் பிள்ளைங்களுக்குக் காட்டணும்" என்றார் ஆசிரியர்.

அவர் காலண்டரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "வியாழக்கிழம சாயந்திரம் வாங்க. அட்வான்ஸ் இருநூறு" என்றார்.